தேரை ரோந்து முதல் தகைவிலான் வரை: பிரிட்டன் பள்ளத்தாக்கில் வசந்தத் தொடக்கம் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வட இங்கிலாந்தில் ஒரு பள்ளத்தாக்கில் குடியிருக்கிறேன். நடுவில் ஓர் ஆறு. இரண்டு பக்கமும் கற்சுவர் எழுப்பிய மேய்ச்சல் நிலம். அதற்கும் மேலே காற்றைத் தவிர வேறெதுவும் குடியிருக்காத மேட்டுவெளி. பிப்ரவரி, மார்ச்சில் இங்கே நடக்கும் இயற்கைத் தன்னார்வ வேலைகளில் நானும் சேர்ந்துகொள்கிறேன் என்று தெரிந்த நாளிலிருந்து, நகரங்களில் இருக்கும் தமிழ் நண்பர்கள் மாற்றி மாற்றி ஒரே கேள்விகளைக் கேட்கிறார்கள். தனித்தனியாகப் பதில் எழுதி அலுத்துவிட்டதால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் போட்டுவிடுகிறேன். சட்டம் வரும் இடங்களில் இங்கிலாந்தை மனதில் வைத்தே எழுதியிருக்கிறேன். ஸ்காட்லாந்தில் சில விதிகள் வேறு.

வசந்தம் எப்போது தொடங்குகிறது?

வானிலைக்காரர்களுக்கு மார்ச் 1. நாட்காட்டிக்கு மார்ச் 20 வாக்கில், பகலும் இரவும் சமமாகும் நாள். தவளைக்கு இந்த இரண்டு தேதியும் தெரியாது. தென்மேற்கில் கார்ன்வால் பக்கம் டிசம்பர், ஜனவரியிலேயே முட்டை வைத்துவிடும். வடக்கே மேட்டு நிலங்களில் மார்ச் கடைசி வரைகூடக் காத்திருக்கும்.

பள்ளத்தாக்கில் இன்னொரு வேடிக்கை உண்டு. தாழ்வான இடம்தானே முதலில் சூடாகும் என்று நினைப்போம். ஆனால் மேகமில்லாத இரவில் குளிர்ந்த காற்று கனத்து, சரிவில் வழிந்து வந்து ஆற்றோரத்தில் தேங்கிவிடுகிறது. காலையில் ஆற்றங்கரைப் புல் வெள்ளையாக உறைந்து கிடக்கும். கொஞ்சம் மேலே ஏறினால் தெற்குப் பார்த்த சரிவில் வெயில் பட்டு செலண்டைன் பூக்கள் மஞ்சளாக விரிந்திருக்கும். அதனால் "உங்க பக்கம் வசந்தம் வந்துடுச்சா?" என்று யாராவது கேட்டால், எந்தச் சரிவில் என்று திருப்பிக் கேட்பது என் வழக்கம்.

அந்தக் குளிரில் வந்தால் என்னதான் கண்ணில் படும்?

பிப்ரவரியில் பூ என்றால் ஸ்னோடிராப். ஹேசல் மரத்தில் இலை வருமுன்பே மஞ்சள் குஞ்சங்கள் தொங்கும். ஒரு கிளையைத் தட்டினால் மகரந்தம் புகைபோலக் கிளம்பும். அதே கிளையில் பெண்பூவும் இருக்கிறது, கடுகளவு சிவப்பு நூல்முடிச்சாக. பலர் வருடக்கணக்கில் அந்த மரத்தடியில் நடந்தும் அதைப் பார்த்ததில்லை. பத்து நிமிடம் நின்று தேடுங்கள், கிடைக்கும்.

வெயில் அடித்து 13 டிகிரியைத் தொடும் முதல் நாளில் பிரிம்ஸ்டோன் வண்ணத்துப்பூச்சி வெளியே வரும். வெண்ணெய் மஞ்சள் நிறம். குளிர்காலம் முழுவதும் ஐவி கொடிக்குள் ஓர் இலைபோல ஒட்டிக்கிடந்த பூச்சி அது. அதே நாளில் தரையை ஒட்டி வளைந்து வளைந்து ரீங்காரத்துடன் ஒரு பெரிய பம்பிள்பீ பறந்தால், அது ராணி. பூவைத் தேடவில்லை, கூடு கட்ட எலிவளை தேடுகிறது. போன வருடத்துக் கூட்டத்தில் குளிரைத் தாண்டிப் பிழைத்தவை இளம் ராணிகள் மட்டுமே.

மேட்டு வயல்களில் ஹேர் என்ற காட்டு முயல்கள் பின்னங்காலில் நின்று குத்துச்சண்டை போடுவதைக் காணலாம். இரண்டு ஆண்கள் அடித்துக்கொள்கின்றன என்றுதான் பலரும் நினைப்பார்கள். பெரும்பாலும் அது பெண், துரத்தி வரும் ஆணுக்குக் கொடுக்கும் அறை.

ஆற்றின் நடுவே கல்லில் நின்று ஓயாமல் தொப்பு தொப்பென்று குனிந்து நிமிரும் குண்டுப் பறவையின் பெயர் டிப்பர். மார்பு மட்டும் வெள்ளை. தண்ணீருக்குள் இறங்கி அடித்தரையில் நடந்து இரை தேடும். தொலைநோக்கியில் முகத்தைப் பாருங்கள்: கண் சிமிட்டும்போது இமை வெள்ளையாகப் பளிச்சிடும், யாரோ தூரத்தில் சுவிட்சைத் தட்டித் தட்டி அணைப்பது போல. அதன் பக்கத்துக் கல்லில் நீண்ட வாலை ஆட்டிக்கொண்டு நிற்பது கரும்சாம்பல் வாலாட்டி. இது நமக்குப் பழைய ஆள். குளிர்காலத்தில் நீலகிரி ஓடைகளுக்கு வந்து போகிற அதே இனம். இங்கே உள்ளவை அங்கே வருவதில்லை, அங்கே வருபவை ஆசியாவின் வடபகுதிகளில் இருந்து வருகின்றன. இருந்தாலும் முதன்முதலில் இங்கே பார்த்தபோது சொந்தக்காரரைப் பேருந்து நிலையத்தில் பார்த்த மாதிரி இருந்தது.

எனக்குப் பறவைகளே தெரியாது. குரலை வைத்துக் கண்டுபிடிக்க எங்கிருந்து ஆரம்பிப்பது?

மூன்றே குரலோடு ஆரம்பியுங்கள்.

முதலாவது கர்லூ, தமிழில் பெரிய கோட்டான் என்று எழுதுகிறார்கள். நீண்டு கீழ்நோக்கி வளைந்த அலகு. குளிர்காலத்தைக் கடலோரச் சேற்றில் கழித்துவிட்டு, பிப்ரவரி கடைசியில் மேட்டு நிலத்துக்குத் திரும்பும். மெதுவாக ஆரம்பித்து, வேகம் கூடி, குமிழி குமிழியாகப் பொங்கும் விசில். உலகில் இனப்பெருக்கம் செய்யும் கர்லூக்களில் ஏறத்தாழ கால் பங்கு பிரிட்டனில்தான் கூடு வைக்கிறது என்கிறார்கள். அந்த எண்ணிக்கையும் 1990களின் நடுவில் இருந்ததில் பாதியாகிவிட்டது. எங்கள் பக்கத்து விவசாயி ஒருவர் நாட்குறிப்பில் வேறு எதையும் எழுத மாட்டார். கர்லூ வந்த தேதியை மட்டும் எழுதுவார்.

இரண்டாவது லாப்விங், நம் ஆட்காட்டியின் உறவு. தலையில் கொண்டை. வயலுக்கு மேலே குட்டிக்கரணம் அடித்துக்கொண்டே "பீ-விட்" என்று கத்தும்.

மூன்றாவது சிஃப்சாஃப். மார்ச் நடுவில் மத்தியதரைக்கடல் பக்கமிருந்தும் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்தும் வந்து சேரும். தன் பெயரையே இரண்டு சுரத்தில் திரும்பத் திரும்பச் சொல்லும். பார்க்க ஒன்றுமே இல்லாத பச்சைச் சாம்பல் குருவி. காதில்லாவிட்டால் அது இருப்பதே தெரியாது.

மற்றதெல்லாம் அப்புறம் தானாக வரும்.

தேரை ரோந்து என்கிறீர்களே, அது என்ன?

இந்தப் பட்டியலில் எனக்கு மிகப் பிடித்த கேள்வி இதுதான், பதில் கொஞ்சம் நீளும்.

தேரைகள் குளிர்காலத்தை மரக்காடுகளிலும் உயிர்வேலிகளின் அடியிலும் மண்ணுக்குள் கழிக்கின்றன. பிப்ரவரி கடைசியில் ஓர் இரவு மழை பெய்து, இருட்டிய பிறகும் வெப்பம் 5 டிகிரிக்கு மேலே நின்றால், கூட்டம் கூட்டமாகக் கிளம்பிவிடும். போகுமிடம் பெரும்பாலும் தாம் பிறந்த அதே குளம். தலைமுறை தலைமுறையாக நடந்த வழி. அந்த வழிக்குக் குறுக்கேதான் நாம் சாலை போட்டிருக்கிறோம்.

தவளை என்றால் நாலு தாவலில் கடந்துவிடும். தேரை நடக்கும். அதுவும் அவசரமே இல்லாமல். இது போதாதென்று ஆண் தேரைக்கு ஒரு கெட்ட பழக்கம்: பெண் வருவதைப் பார்க்கத் தோதான திறந்தவெளி என்று நடுரோட்டில் நிமிர்ந்து உட்கார்ந்துகொள்ளும். அந்த நேரத்தில் கார் வந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே நாங்கள் வாளியோடு போகிறோம். ஃப்ராக்லைஃப் என்ற தொண்டு நிறுவனம் 'டோட்ஸ் ஆன் ரோட்ஸ்' என்ற பெயரில் நாடு முழுவதும் உள்ள இப்படிப்பட்ட கடவைகளைப் பதிவு செய்து, தன்னார்வலர்களை ஒருங்கிணைக்கிறது. இருட்டிய பிறகு இரண்டு மூன்று மணி நேரம் சாலையோரம் மேலும் கீழும் நடந்து, தேரைகளை எடுத்து வாளியில் போட்டு, அவை எந்தப் பக்கம் பார்த்துப் போகின்றனவோ அந்தப் பக்கத்தில் விடவேண்டும். திசை முக்கியம். இரக்கப்பட்டு வந்த பக்கமே திருப்பி விட்டால் பத்து நிமிடத்தில் மறுபடி ரோட்டுக்கு வந்து நிற்கும்.

முதல் இரவு எனக்கு ஒன்றுமே புரியவில்லை. டார்ச் வெளிச்சத்தில் ஈர இலையெல்லாம் தேரையாகத் தெரிந்தது, தேரையெல்லாம் இலையாகத் தெரிந்தது. நாலு இலையைப் பொறுக்கிய பிறகு ஐந்தாவது இலை கையில் நெளிந்தது. குளிர்ந்த, சொரசொரப்பான, நினைத்ததைவிடக் கனமான உடம்பு. செம்புநிறக் கண், நடுவே கிடைமட்டமாக ஒரு கறுப்புக் கோடு. தூக்கியதும் என் உள்ளங்கையில் ஒன்றுக்குப் போய்விட்டது. அது பயத்தில் செய்யும் தற்காப்பு, எல்லோருக்கும் நடப்பதுதான். பெண் தேரையின் முதுகில் சின்ன ஆண் ஒன்று இறுகக் கட்டிக்கொண்டு வரும். பிரிக்காதீர்கள், இரண்டையும் ஒன்றாகவே வாளியில் போடுங்கள்.

வாளியை மூடியதும் உள்ளிருந்து கோழிக்குஞ்சு கத்துவது போல ஒரு சத்தம் கேட்கும். ஓர் ஆண் இன்னோர் ஆணைத் தவறிக் கட்டிப்பிடித்துவிட்டால், பிடிபட்டது "நான் ஆம்பளை, விடு" என்று கத்தும், பிடித்தது விட்டுவிடும். நுணலும் தன் வாயால் கெடும் என்று நம் பழமொழி சொல்கிறது. இங்கே அது தன் வாயால்தான் தப்பிக்கிறது.

இதனால் பலன் உண்டா என்று கேட்பவர்களுக்கு: தன்னார்வலர்கள் வருடக்கணக்கில் எழுதிவைத்த எண்ணிக்கைகளை வைத்துத்தான், பிரிட்டனில் சுமார் 30 ஆண்டுகளில் தேரைகள் 68 விழுக்காடு குறைந்துவிட்டன என்று 2016இல் ஓர் ஆய்வு காட்டியது. வாளி மட்டுமே அவற்றைக் காப்பாற்றிவிடாது. குளங்கள் தூர்ந்துபோவது, நிலம் துண்டாவது என்று காரணங்கள் பல. ஆனால் ஒரு பெண் தேரை முட்டை வைக்கும் வயதுக்கு வரச் சில வருடங்கள் ஆகும். அத்தனை வருடம் பிழைத்து வந்ததை ஒரு டயர் நசுக்குவதைத் தடுப்பது வெட்டி வேலை என்று எனக்குத் தோன்றவில்லை.

சாலையில் தேரையைப் பார்த்தால் நானே காரை நிறுத்தி எடுத்து விடலாமா?

வளைவிலும் குறுகிய சாலையிலும் வேண்டவே வேண்டாம். தேரைக்காக உயிரைக் கொடுக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. ரோந்துக் குழுவோடு வருவதென்றால் ஒளிரும் மேல்சட்டை கட்டாயம், தனியாக வரக்கூடாது, போக்குவரத்தை நிறுத்த நமக்கு அதிகாரம் கிடையாது. சில ஓட்டுநர்கள் ஹாரன் அடித்துத் திட்டிவிட்டுப் போவார்கள். ஒருவர் ஜன்னலை இறக்கி, "என்ன, சூப்புக்கா?" என்றார். சிரித்துவிட்டு ஓரமாக நிற்பதே நல்லது.

இன்னொன்று. நியூட் என்று வால் உள்ள, பல்லி மாதிரியான நீர்நில வாழ்வியும் இதே இரவுகளில் சாலையைக் கடக்கும். அதில் முதுகில் முகடு உள்ள பெரிய இனத்துக்குத் தனிச் சட்டப் பாதுகாப்பு உண்டு. அதைப் பிடிக்கவோ தொந்தரவு செய்யவோ உரிமம் வேண்டும். குழுவில் விவரம் தெரிந்தவரைக் கேட்காமல் கை வைக்காதீர்கள்.

என்னென்ன கொண்டு வரவேண்டும்?

நல்ல டார்ச், மாற்று பேட்டரி, முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், மழைச்சட்டை, மூடியுள்ள வாளி, பவுடர் இல்லாத கையுறை. தேரையின் தோல் சுரப்பி நச்சுள்ளது, நம் கையிலுள்ள க்ரீமும் சானிடைசரும் அதன் தோலுக்கு ஆகாது. கையுறை இருவருக்கும் நல்லது. வேலை முடிந்ததும் கையைக் கழுவாமல் கண்ணைத் தேய்க்காதீர்கள். மார்ச் கடைசி ஞாயிறு கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் போவதை மறந்துவிடாதீர்கள். தேரைகள் இருட்டைத்தான் பார்க்கும், நாம்தான் ஒரு மணி நேரம் தாமதமாகத் தூங்கப் போவோம்.

தவளை முட்டையா தேரை முட்டையா என்று எப்படித் தெரியும்?

ஜவ்வரிசிக் கஞ்சி மாதிரி குவியலாகக் கிடந்தால் தவளை. இரட்டை வரிசை கறுமணி மாலையைப் போல நீர்ச்செடிகளில் சுற்றியிருந்தால் தேரை.

கொஞ்சம் முட்டையை வாளியில் எடுத்துப்போய் எங்கள் தோட்டத்துக் குளத்தில் விடலாமா?

வேண்டாம். ரானாவைரஸ், கைட்ரிட் பூஞ்சை போன்ற நோய்கள் இப்படித்தான் குளத்துக்குக் குளம் தாவுகின்றன. களைச்செடிகளும் கூடவே வந்துவிடும். குளம் வெட்டி, ஒரு பக்கம் சரிவாக வைத்து, மீன் விடாமல் பொறுத்திருங்கள்; சுற்றுவட்டாரத்தில் தவளை இருந்தால் அவை தாமாகவே வந்துசேரும். ஒரு குளத்திலிருந்து இன்னொரு குளத்துக்கு நீங்களே போவதானாலும் பூட்ஸைச் சேறு போகக் கழுவி, நன்றாகக் காயவைத்துவிட்டுப் போங்கள்.

நீர்நாயைப் பார்க்க முடியுமா?

முடியும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன். இத்தனை வருடத்தில் முழுசாக மூன்று முறைதான் பார்த்திருக்கிறேன், அதில் ஒரு முறை வால் மட்டும். ஆனால் அது வந்துபோன அடையாளத்தை எளிதாகப் பார்க்கலாம். பாலத்தடியில் துருத்திக்கொண்டு நிற்கும் கல்லில் கறுப்பாக, மீன்முள்ளும் செதிலும் கலந்த எச்சம் இருக்கும். முகர்ந்து பாருங்கள். நிஜமாகத்தான் சொல்கிறேன். மிங்க் என்ற கீரி மாதிரியான இன்னோர் ஆற்றோர விலங்கின் எச்சம் குடலைப் புரட்டும். நீர்நாயுடையது மீன் வாடையோடு லேசாக மல்லிகைத் தேநீரை நினைவுபடுத்தும்.

1950கள், 60களில் பூச்சிக்கொல்லி மருந்துகள் ஆற்றில் கலந்து இங்கிலாந்தின் பெரும்பகுதியில் நீர்நாய் அழிந்தே போனது. மருந்துகள் தடை செய்யப்பட்டு, தண்ணீர் தேறி, 2011இல் இங்கிலாந்தின் எல்லா மாவட்டங்களிலும் மறுபடி காணப்பட்டதாக அறிவித்தார்கள். அதனால் அந்தக் கல்லில் உள்ள எச்சத்தைப் பார்த்தால் எனக்கு அருவருப்பு வருவதில்லை.

பாம்பு இருக்குமே?

இருக்கும். ஆடர் என்ற விரியன், பிரிட்டனின் ஒரே நச்சுப்பாம்பு. பிப்ரவரி, மார்ச் வெயிலில் ஆண் பாம்புகள் முதலில் வெளியே வந்து சுருண்டு கிடக்கும். முதுகில் வளைந்து வளைந்து ஓடும் கறுப்புக் கோட்டை வைத்து அடையாளம் காணலாம். மிதிக்காமலும் தொடாமலும் இருந்தால் அது தன்பாட்டில் போய்விடும். இதன் கடியால் பிரிட்டனில் ஒருவர் இறந்தது கடைசியாக 1975இல். அதற்காகக் கடித்தால் வீட்டில் உட்கார்ந்திருக்கலாம் என்றில்லை, உடனே மருத்துவமனைக்குப் போகவேண்டும்.

எனக்குப் பாம்பைவிட உண்ணிதான் கவலை. அரிசிமணியைவிடச் சின்னது, வசந்தத்தில் புல்நுனியில் காத்திருக்கும், லைம் நோயைப் பரப்பக்கூடியது. கால்சட்டையைக் காலுறைக்குள் செருகுங்கள். வீட்டுக்கு வந்ததும் முழங்கால் மடிப்பு, இடுப்பு, குழந்தைகளுக்குத் தலைமுடி ஓரம் என்று தேடுங்கள். ஒட்டியிருந்தால் நுனி கூர்மையான இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து மெதுவாக நேராக இழுங்கள். எண்ணெய் தடவுவது, நெருப்பு வைப்பது எல்லாம் கூடாது. அடுத்த வாரங்களில் வட்டமாகச் சிவந்து பரவினால் மருத்துவரிடம் உண்ணிக் கடியைச் சொல்லுங்கள்.

இரவில் வர முடியாது. பகலில் என்ன வேலை இருக்கிறது?

நிறைய. பிப்ரவரியில் மரம் நடுவது முடியும் தறுவாயில் இருக்கும். வேர்மண் இல்லாத கன்றுகளை நவம்பரிலிருந்து மார்ச்சுக்குள் நட்டுவிட வேண்டும். பறவைப் பெட்டிகளை மாட்டுவதற்கும் பிப்ரவரிதான் சரி. தேசியக் கூடுப்பெட்டி வாரம் பிப்ரவரி 14 அன்று தொடங்குகிறது, குருவிகளும் ஜோடி சேரும் காலம்.

உயிர்வேலி மடக்குவது என்று ஒரு வேலை உண்டு. செடியின் தண்டை அடியில் முக்கால்வாசிக்கு மேல் வெட்டி, முறிந்துவிடாமல் சரித்துப் படுக்கவைத்து, ஊன்றுகுச்சிகளுக்கு இடையே பின்னுவார்கள். பட்டையும் மெல்லிய மரச்சீவலும் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும். அதன் வழியே சாறு ஏறி மறுபடி தழைக்கும். முதல் நாள் பார்க்கும்போது கொலை மாதிரி இருக்கும். இதுவும் குளிர்காலத்தோடு முடிய வேண்டும். மார்ச் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை விவசாய நிலத்தில் வேலி வெட்ட 2024இல் வந்த விதிகள் தடை போட்டிருக்கின்றன, சில விலக்குகளோடு. மற்ற இடங்களிலும் பயன்பாட்டிலுள்ள கூட்டைக் கலைப்பது 1981ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி குற்றம்.

எனக்குப் பிடித்த பகல் வேலை ஆற்றுப்பூச்சிக் கணக்கெடுப்பு. மாதம் ஒருமுறை, வலையைக் கீழ்நீரோட்டத்தில் பிடித்துக்கொண்டு, மூன்று நிமிடம் காலால் ஆற்றடிக் கற்களைக் கிளறவேண்டும். பிறகு ஒரு நிமிடம் கையால் கற்களைப் புரட்டித் தேடல். சிக்கியதை வெள்ளைத் தட்டில் கொட்டினால் முதலில் வெறும் சேறு. அரை நிமிடம் பொறுங்கள், சேறு நகரத் தொடங்கும். மேஃப்ளை, ஸ்டோன்ஃப்ளை இளம்புழுக்கள், கல்துகளால் தனக்குத்தானே குழாய்வீடு கட்டிக்கொண்ட கேடிஸ் புழு. எண்ணி முடித்ததும் திரும்ப ஆற்றில் விட்டுவிடுவோம். வழக்கமான எண்ணிக்கையைவிடத் திடீரென்று விழுந்தால் மேலே எங்கோ ஏதோ கலந்திருக்கிறது என்று அர்த்தம். சுற்றுச்சூழல் அமைப்புக்குத் தகவல் போகும்.

ஆட்டுக்குட்டி ஈனும் காலத்தில் பண்ணைகளிலும் ஆள் தேவைப்படும். கர்ப்பிணிகள் மட்டும் அந்தப் பக்கமே போக வேண்டாம். ஈனும் ஆடுகளிடமிருந்து வரக்கூடிய சில தொற்றுகள் வயிற்றுப் பிள்ளைக்கு ஆபத்து.

நான் பார்த்ததை எழுதி அனுப்பினால் யாருக்காவது பயன்படுமா, இல்லை சும்மா மனத்திருப்திக்கா?

1736இல் நார்ஃபோக்கில் ராபர்ட் மார்ஷம் என்ற நிலக்கிழார், முதல் ஸ்னோடிராப், முதல் தகைவிலான் குருவி, தவளையின் முதல் குரல் என்று தேதி போட்டு எழுத ஆரம்பித்தார். அவர் குடும்பம் 1958 வரை அதை விடாமல் தொடர்ந்தது. இன்று உட்லண்ட் டிரஸ்ட் நடத்தும் 'நேச்சர்ஸ் கேலண்டர்' திட்டத்தில் யார் வேண்டுமானாலும் அதே வேலையைச் செய்யலாம். இப்படிச் சேர்ந்த நான்கு லட்சத்துக்கு மேற்பட்ட பதிவுகளை எடுத்து 406 தாவர இனங்களை ஆராய்ந்து 2022இல் ஒரு முடிவு வந்தது: 1986 வரையிலான காலத்தோடு ஒப்பிட்டால், அதற்குப் பிறகு பிரிட்டனில் செடிகள் சராசரியாக ஏறத்தாழ ஒரு மாதம் முன்னதாகப் பூக்கின்றன. அந்த நான்கு லட்சத்தில் பெரும்பகுதி நம்மைப் போல ஜன்னலோரம் நின்று பார்த்தவர்கள் எழுதியது.

ஒழுங்காகச் செய்ய நினைப்பவர்களுக்கு இன்னும் கட்டுக்கோப்பான கணக்கெடுப்புகள் உண்டு. வண்ணத்துப்பூச்சிக் கண்காணிப்பு 1976 முதல் நடக்கிறது. ஏப்ரலில் இருந்து செப்டம்பர் வரை வாரம் ஒருமுறை ஒரே பாதையில் நடக்கவேண்டும். இனப்பெருக்கப் பறவைக் கணக்கெடுப்பு 1994 முதல்; ஒரு சதுர கிலோமீட்டர், பருவத்துக்கு இரண்டு காலை நடை. அவ்வளவு நேரமில்லை என்றால் ஐநேச்சுரலிஸ்ட், ஐரெகார்ட், ஈபேர்டு போன்ற செயலிகளில் படமும் இடமும் தேதியும் போட்டாலே போதும்.

போனேன், ஒன்றையும் பார்க்கவில்லை. அதையுமா எழுதுவது?

அதைத்தான் எழுதவேண்டும். புதிதாக வருபவர்களிடம் நான் விடாமல் சொல்வது இது ஒன்றுதான். மழையில் இரண்டு மணி நேரம் நடந்து ஒரு தேரைகூட இல்லையென்றால் பலரும் தாளைக் கசக்கிப் போட்டுவிடுகிறார்கள். நல்ல இரவுகளை மட்டும் எழுதினால் பத்து வருடம் கழித்துப் பார்ப்பவருக்கு எல்லா வருடமும் நல்ல வருடமாகவே தெரியும். எங்கள் நோட்டில் என் கையெழுத்தில் முதல் பருவம் முழுக்க ஓட்டை இருக்கிறது. பூஜ்யம் என்று எழுத வெட்கப்பட்டு விட்ட நாட்கள் அவை. வராத நாளா, போகாத நாளா என்று இப்போது எனக்கே தெரியவில்லை. செத்துக் கிடப்பவற்றையும் எண்ணுங்கள். பிடிக்காத வேலைதான்.

விசிட்டர் விசாவில் ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவையும் அழைத்து வரலாமா?

நடக்கவும் பார்க்கவும் எந்தத் தடையும் இல்லை. தன்னார்வ வேலை என்றால், பதிவுபெற்ற தொண்டு நிறுவனத்துக்காக மொத்தம் 30 நாள் வரை செய்யலாம் என்று விசிட்டர் விதி சொல்கிறது. மாணவர் விசாவில் இருப்பவர்கள், தன்னார்வச் சேவை வேறு, சம்பளமில்லாத வேலை வேறு என்பதைக் கவனிக்கவேண்டும். இரண்டாவது உங்கள் வார மணிக்கணக்கில் சேரும். பல்கலைக்கழகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

என் அனுபவத்தில் பெற்றோர்கள்தான் நன்றாகப் பார்க்கிறார்கள். நண்பரின் அம்மா ஒருவர், இங்கே வந்து நாலு மாதமாக வீட்டுக்குள்ளேயே இருந்தவர், கற்சுவர் ஓரத்தில் நின்று, "அங்க ஆட்காட்டி தரையில உக்காந்திருக்கு, பக்கத்துல போகாதீங்க" என்றார். எங்களில் யாருக்கும் அது தெரியவில்லை.

குழந்தைகள், நாய்?

குழந்தைகள் பெரியவர்களோடு தாராளமாக வரலாம், சாலை ரோந்துக்கு மட்டும் ஒருங்கிணைப்பாளரைக் கேட்டுக்கொள்ளுங்கள். நாயை வீட்டில் விட்டுவிட்டு வருவது உத்தமம். யாரும் நடந்து திரியலாம் என்று சட்டம் அனுமதித்த 'திறந்த அணுகல்' நிலங்களில் மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை 2 மீட்டருக்கு மேல் நீளாத கயிற்றில்தான் வைத்திருக்க வேண்டும். கர்லூவும் லாப்விங்கும் தரையில்தான் முட்டை வைக்கின்றன, ஆடுகளும் சினையாக இருக்கும். ஆடுகளைத் துரத்திய நாய்க்கு விவசாயியிடம் மன்னிப்பு கிடைக்காது.

மீன்கொத்திக் கூட்டைப் படம் எடுக்கலாமா?

மீன்கொத்தி, வெண்ணாந்தை போன்றவற்றுக்குச் சிறப்புப் பாதுகாப்பு உண்டு. கூட்டருகே தொந்தரவு செய்வதே குற்றம், படமெடுக்க நின்றேன் என்பது சாக்காகாது. ஆற்றோரம் தூரமாக உட்கார்ந்து பறக்கும்போது எடுங்கள். கூடு இருக்கும் இடத்தை ஊரறியப் பகிராதீர்கள்.

பகலில் முள்ளெலி ஒன்று சுற்றுகிறது. பால் வைக்கலாமா?

பால் கூடாது, வயிற்றுக்கு ஆகாது. மார்ச், ஏப்ரலில் உறக்கம் கலைந்து வரும்போது ஆழமில்லாத தட்டில் தண்ணீரும் கொஞ்சம் பூனை உணவும் போதும். ஆனால் பட்டப்பகலில் தள்ளாடிக்கொண்டு திரிவது பெரும்பாலும் நோயின் அறிகுறி. தடித்த கையுறையோடு எடுத்து, உயரமான பெட்டியில் துணி விரித்து வைத்து, அருகிலுள்ள முள்ளெலி மீட்பு மையத்தை உடனே அழையுங்கள்.

இதெல்லாம் எப்போது முடியும்?

தேரைகள் குளத்திலிருந்து திரும்பிப் போவது வந்ததைப் போலக் கூட்டமாக இருக்காது. ஒன்று இரண்டாக, ஆளுக்கொரு நாள். ஏப்ரல் முதல் வாரத்துக்குள் ரோந்து கலைந்துவிடும். வாளிகளைக் கழுவி, கற்சுவர் மேல் கவிழ்த்துக் காயவைப்போம். போன வருடம் அப்படிக் கவிழ்த்துவிட்டுத் திரும்பியபோது பண்ணைக் கொட்டகையின் உடைந்த ஜன்னல் வழியே ஏதோ சர்ரென்று உள்ளே போனது. எட்டிப் பார்த்தோம். தென்னாப்பிரிக்காவில் இருந்து வந்த தகைவிலான், போன வருடத்துக் கூட்டின் விளிம்பில் உட்கார்ந்து சிறகைக் கோதிக்கொண்டிருந்தது. நோட்டுப் புத்தகம் காரில் இருந்தது. எடுக்க ஓடினேன்.